ஸ்ரீபெரும்புதூரைத் துப்பறிந்த நூல்கள்

ஸ்ரீபெரும்புதூரைப் போல இத்தனை குற்ற விசாரணை நூல்களில் இடம்பெற்ற சிற்றூர் தமிழ்நாட்டில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அத்தனையும் ஒரே இரவைப் பற்றியவை. 1991 மே 21 அன்று இரவு பத்து மணிக்குப் பிறகு, காங்கிரஸ் வேட்பாளர் மரகதம் சந்திரசேகருக்கு வாக்குக் கேட்க வந்த ராஜீவ் காந்தி மனித வெடிகுண்டுக்குப் பலியானார். வழக்கைத் துப்பறிந்த சிறப்புப் புலனாய்வுக் குழுவின் தலைவர் அதைப் பற்றி நூல் எழுதினார். அவருக்குக் கீழே பணியாற்றிய தலைமைப் புலனாய்வு அதிகாரி தனியாக எழுதினார். செய்தி சேகரித்த நிருபர் எழுதினார். தண்டிக்கப்பட்டவர்களும் சிறைக்குள்ளிருந்து எழுதினார்கள். துப்பறிந்தவரும் குற்றம் சுமத்தப்பட்டவரும் ஒரே வழக்கைப் பற்றித் தனித்தனியே எழுதியவற்றை அடுத்தடுத்து வைத்துப் படிக்கும் வாய்ப்பு மர்ம நாவல் வாசகருக்கு எளிதில் கிடைப்பதல்ல.

இந்த நூல்களை அரசியல் வரலாறாகப் படிப்பவர்கள் நிறையப் பேர். நான் அவற்றைத் துப்பறியும் கதை வாசகனாகவே படித்தேன். நடந்தது ஒரு கொலை, அழிந்தவை உண்மையான உயிர்கள் என்பதை மறந்துவிட்டு அப்படிப் படிக்கவில்லை. இந்த நூல்களே அந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டுதான் நம்மிடம் வருகின்றன. தலைமைப் புலனாய்வு அதிகாரி கே. ரகோத்தமனின் தமிழ் நூலுக்கு 'ராஜீவ் கொலை வழக்கு: மர்மம் விலகும் நேரம்' என்று பெயர். பேருந்து நிலையக் கடையில் தொங்கும் ஒரு மாத நாவலுக்கும் அந்தத் தலைப்பு அப்படியே பொருந்தும். நிருபர் அனிருத்ய மித்ரா 2022இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலின் பெயர் 'நைன்ட்டி டேஸ்'. அதை வைத்து நாகேஷ் குக்குனூர் இயக்கிய 'தி ஹண்ட்' தொடர் 2025 ஜூலையில் சோனி லிவ் தளத்தில் வந்தது. வேட்டை, கெடு, மர்மம் என்று வாசகரை அழைத்துவிட்ட நூல்களிடம், துப்பறியும் கதையிடம் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கலாம். எழுதியவர் தனக்குத் தெரிந்ததை என் கண்முன் வைத்தாரா, அல்லது முடிவு சரியாக அமையட்டும் என்று எதையாவது மறைத்தாரா?

தடயங்களைப் பொறுத்தவரை எந்தக் கற்பனை எழுத்தாளரும் பொறாமைப்படக்கூடிய வழக்கு இது. குண்டு வெடித்த இடத்தில் ஹரிபாபு என்ற புகைப்படக்காரரின் உடல் கிடந்தது. அருகிலேயே அவருடைய கேமரா சிதையாமல் கிடந்தது. அதிலிருந்த படங்களில் சந்தன மாலையோடு காத்திருக்கும் பெண்ணும், குர்தா பைஜாமா அணிந்து குறிப்பேட்டோடு பத்திரிகையாளரைப் போல நிற்கும் ஒருவரும் பதிவாகியிருந்தார்கள். பெண், மனித வெடிகுண்டாக வந்த தணு. மற்றவர், சதியை நடத்திய ஒற்றைக்கண் சிவராசன். சந்தன மாலை பூம்புகார் விற்பனை நிலையத்தில் வாங்கப்பட்டதற்கான ரசீது ஹரிபாபுவின் வீட்டில் கிடைத்தது. கொலையைப் படம்பிடித்துவைக்க அமர்த்தப்பட்டவரின் கேமராவே கொலையாளிகளைக் காட்டிக்கொடுத்தது. இதை ஒரு நாவலில் எழுதினால், தற்செயல் ரொம்பவும் வசதியாக வந்து உதவுகிறது என்று வாசகர் குறை சொல்லியிருப்பார்.

குழுவின் தலைவர் டி.ஆர். கார்த்திகேயனும் ராதாவினோத் ராஜுவும் சேர்ந்து எழுதிய 'ட்ரையம்ஃப் ஆஃப் ட்ரூத்' 2004இல் வந்தது. சென்னையில் 'மல்லிகை' கட்டடத்திலிருந்து இயங்கிய குழு, வெறும் புகைப்படங்களில் தொடங்கி ஒரு முழுச் சதியை எப்படிக் கட்டியெழுப்பியது என்பதை நிதானமாக, அலுவலகக் கோப்பின் ஒழுங்கோடு சொல்லும் நூல் அது. உழைப்பின் மீதான மரியாதை அதில் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. சந்தேகம் மட்டும் குறைவு. ரகோத்தமனின் நூல் அதற்கு நேர் எதிரான மனநிலையில் எழுதப்பட்டது. அதே குழுவில் இருந்தவர், எதையெல்லாம் தொடர விடவில்லை, யாரையெல்லாம் கேட்க விடவில்லை, எந்த வீடியோ நாடா விசாரணைக்கு வந்து சேரவில்லை என்று குற்றம் சாட்டிக்கொண்டே போகிறார். அவர் சொல்வதெல்லாம் நிரூபணமானவை அல்ல. ஆனாலும் வாசகனாக எனக்கு இதுதான் இரண்டில் மேலான நூல். துப்பறிந்தவரே தன் வழக்கின் ஓட்டைகளைச் சுட்டிக்காட்டும்போது வாசகருக்கும் ஒரு வேலை கிடைக்கிறது, தானாக யோசிக்கும் வேலை. 2021இல் ரகோத்தமன் இறந்துபோனார். அவர் எழுப்பிய கேள்விகளில் பலவற்றுக்கு இன்னும் பதில் இல்லை.

மித்ராவின் நூல் வேகத்தில் மற்ற எல்லாவற்றையும் மிஞ்சும். கொலை நடந்த மே 21இல் தொடங்கி, பெங்களூரை அடுத்த கோணனகுண்டேயில் சிவராசனும் கூட்டாளிகளும் இறந்துகிடந்த ஆகஸ்ட் 20 வரை போகும் ஓட்டம் அது. நாட்டையே உலுக்கிய கொலை, ஒற்றைக்கண் மனிதன், சயனைடு குப்பி, வீடு வீடாக நடக்கும் தேடல். அன்றைக்கு 'இந்தியா டுடே' நிருபராக இருந்தவருக்கு அந்த நாட்களின் பரபரப்பு கையில் ஒட்டியிருக்கிறது. எனக்கு உடன்பாடில்லாதது அந்தத் தொண்ணூறு நாள் சட்டகம்தான். தேடப்பட்டவன் செத்தால் கதை முடிந்தது என்பது வேட்டைக் கதையின் விதி. இந்த வழக்கு அதற்குப் பிறகுதான் சிக்கலாகத் தொடங்கியது. 1998 ஜனவரி 28 அன்று பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவின்கீழ் இயங்கிய பூந்தமல்லி நீதிமன்றம் விசாரணைக்கு நின்ற 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அதில் நான்கு பேருக்கு மட்டும் மரண தண்டனையை உறுதிசெய்தது. மூவருக்கு ஆயுளாகக் குறைத்தது. மற்ற 19 பேரும் கொலைச் சதியில் குற்றவாளிகள் அல்ல என்றது. 26க்கும் ஏழுக்கும் நடுவே இருக்கிற தூரத்தை எந்த த்ரில்லரும் எழுதவில்லை. பத்தொன்பது பேர் தூக்குக் கயிற்றின் அடியில் ஓராண்டுக்கு மேல் உட்கார்ந்திருந்து எழுந்து வந்த கதை, வேகம் விரும்பும் எழுத்துக்கு உதவாது போலிருக்கிறது.

துப்பறியும் நாவலில் ஒப்புதல் வாக்குமூலம் கடைசி அத்தியாயத்தில்தான் வரும். சேர்த்துவைத்த தடயங்கள் அத்தனையும் ஒருவரைச் சுட்டிய பிறகு, அவர் தலைகுனிந்து ஒத்துக்கொள்வார். இந்த வழக்கில் வாக்குமூலம் அடித்தளத்திலேயே இருந்தது. காவல் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் செல்லாது என்று இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொன்னது. தடா சட்டத்தின் 15ஆம் பிரிவு அதை மாற்றி, கண்காணிப்பாளர் நிலையிலுள்ள அதிகாரி பதிவுசெய்தால் செல்லும் என்றது. இது பயங்கரவாதச் செயல் என்ற தடா குற்றச்சாட்டை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் தடாவின்கீழ் எடுத்த வாக்குமூலங்களை ஏற்றது. ஆக, ஒரு மனிதர் சொன்னதை ஓர் அதிகாரி எப்படி எழுதிக்கொண்டார் என்பதில் உயிர்கள் தொங்கின.

மரண தண்டனை உறுதியான நால்வரில் ஒருவரான அ.ஞா. பேரறிவாளன் கைதானபோது அவருக்கு வயது 19. அவர் வாங்கிக்கொடுத்த 9 வோல்ட் பேட்டரிகள் இரண்டு வெடிகுண்டுக்குப் பயன்பட்டன என்பது அவர் மீதான குற்றச்சாட்டின் மையம். அவருடைய வாக்குமூலத்தைப் பதிவுசெய்த முன்னாள் சிபிஐ அதிகாரி வி. தியாகராஜன், எதற்காக அந்தப் பேட்டரிகள் என்று தனக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் சொன்ன பகுதியைத் தாம் எழுதாமல் விட்டதாக 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். 2017இல் அதையே உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தார். துப்பறியும் கதையில் ஆசிரியர் தடயம் ஒன்றை வாசகரிடமிருந்து மறைத்தால் அதை ஏமாற்று என்போம். இங்கே மறைக்கப்பட்டது ஒரு வாக்கியம். அதைச் சொன்னவர் சிறையில் நரைத்தார். 2014இல் மரண தண்டனை ஆயுளாகக் குறைந்தது. 2022 மே 18 அன்று அவர் விடுதலையானார், மற்ற ஆறு பேரையும் அதே ஆண்டு நவம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் விடுவித்தது. இதைப் படித்த பிறகு 2004ஆம் ஆண்டு நூலைத் திரும்பப் படித்தால், அதன் உறுதியான வாக்கியங்கள் வேறு மாதிரி ஒலிக்கின்றன. எழுதியவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. தங்கள் கதை முடிந்துவிட்டது என்று நம்பி எழுதினார்கள்.

எதிர்ப்பக்கத்து நூல்களையும் அதே கண்ணோடுதான் படிக்க வேண்டும். பேரறிவாளனின் 'தூக்குக் கொட்டடியிலிருந்து ஒரு முறையீட்டு மடல்' வழக்குரைஞரின் வாதத்தைப் போலக் கட்டப்பட்டது. தேதி, ஆவணம், முரண் என்று போகிறது. கண்ணீரை அது எங்கும் சாட்சியாக நிறுத்துவதில்லை. அந்தக் கட்டுப்பாடுதான் அதன் வலிமை. பா. ஏகலைவன் தொகுத்த நளினியின் நூல், 2008 மார்ச்சில் வேலூர் சிறையில் பிரியங்கா காந்தி தன்னைச் சந்தித்ததைத் தலைப்பிலேயே வைத்திருக்கிறது. கொலையுண்டவரின் மகளும் அந்தக் கொலைக்காகத் தண்டிக்கப்பட்டவரும் ஓர் அறையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். எந்த மர்ம நாவலாசிரியரும் எழுதத் தயங்கும் காட்சி அது, நடந்தும்விட்டது. இந்த நூல்களிலும் சொல்லாமல் விட்டவை இருக்கும். தன்னைக் காத்துக்கொள்ள எழுதுபவர் எல்லாவற்றையும் சொல்லிவிட மாட்டார். அதிகாரி எழுதியதைச் சந்தேகிக்காமல் படித்துவிட்டு இவர்களை மட்டும் சந்தேகிப்பது நேர்மையான வாசிப்பு அல்ல என்பதே என் கருத்து.

கற்பனை எழுத்து இந்த இரவை நெருங்கவே தயங்கியது. ஆர்.கே. செல்வமணியின் 'குற்றப்பத்திரிகை' தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே எடுக்கப்பட்டும் 2007இல்தான் திரைக்கு வர முடிந்தது. நாவலில் ஜெயமோகனின் 'உலோகம்' கொலை செய்ய அனுப்பப்பட்ட ஈழ இளைஞன் ஒருவனின் மனதுக்குள் நுழைந்து பார்த்தது. ஸ்ரீபெரும்புதூர் அதன் களம் அல்ல. ஆனாலும் ஒரு மனிதனைக் கருவியாக்கும் வழிமுறை எப்படி இருக்கும் என்பதைப் புலனாய்வு நூல்கள் எல்லாம் சேர்ந்து சொன்னதைவிட அது கூடுதலாகச் சொன்னது. தமிழில் தீவிர எழுத்தாளர் ஒருவர் த்ரில்லர் என்று அறிவித்துக்கொண்டே எழுதி, அந்த வடிவத்துக்கு நியாயமும் செய்த அரிதான நூல்களில் அதுவும் ஒன்று.

இந்த அலமாரி முழுவதையும் படித்து முடிக்கிறவருக்கு ஸ்ரீபெரும்புதூரைப் பற்றி என்ன தெரிந்திருக்கும்? ஒரு மைதானம், ஒரு மேடை, சிவப்புக் கம்பளம் போன்ற ஏதோ விரிப்பு, கூட்டம். அவ்வளவுதான். ஊர்க்காரர்கள் எவரும் பெயரோடு உலவுவதில்லை. ராமானுஜர் பிறந்த ஊர், ஆதிகேசவப் பெருமாள் கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர் என்பது முன்னுரையில் ஒரு வரியாகப் போகும். 2003இல் அப்துல் கலாம் திறந்துவைத்த நினைவிடத்துக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்களும் அந்த ஒரு இரவைத்தான் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

அந்த இரவுக்கு ஐந்தாண்டு கழித்து, 1996இல், பக்கத்திலிருக்கும் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தன் கார் ஆலைக்கு அடிக்கல் நாட்டியது. பிறகு வந்தவற்றை இங்கிருப்பவர்கள் பேருந்து நிறுத்தங்களாகவே சொல்வார்கள். சுங்குவார்சத்திரம் பக்கம் சாம்சங், ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியாவும் ஃபாக்ஸ்கானும், ஒரகடத்தில் ரெனோ நிஸ்ஸான், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு. நோக்கியா 2006இல் உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பரில் மூடியது. எட்டே ஆண்டுகள். ஒரு தலைமுறை முழுதும் அங்கே வேலைக்குச் சேர்ந்து, திருமணம் செய்து, கடன் வாங்கி, வேலை இழந்து போயிற்று. இந்த மண்ணில் மர்ம நாவலுக்கு வேண்டிய பொருள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

தமிழ்க் குற்ற நாவலோ உழைக்கிறவர்களின் பயணத்தில் வளர்ந்தது. ஜே.ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தன் காலத்து ஜமீன் மாளிகைகளிலிருந்து தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ் வசந்த் வழியாக வந்து, எண்பதுகளில் அது பேருந்து நிலையக் கடைகளின் கயிற்றில் ஏறியது. கோவையிலிருந்து ராஜேஷ்குமார் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் நாவல்கள் எழுதினார். ஜி. அசோகன் போன்ற பதிப்பாளர்கள் டீ விலைக்கு அருகிலிருக்கும் ஒரு விலையில் அவற்றைக் கொண்டு சேர்த்தார்கள். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் சுசீலா, சுபாவின் நரேந்திரன் வைஜயந்தி ஆகியோரை மில் தொழிலாளியும் தையல் கடைப் பெண்ணும் இரவல் வாங்கிப் படித்தார்கள். இந்த வாசகர்களை இலக்கியவாதிகள் பொழுதுபோக்குக் கூட்டம் என்று ஒதுக்கியதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. தமிழில் லட்சக்கணக்கானவர்களுக்கு ஒரு நூலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கும் பழக்கத்தைத் தந்தவை அந்த மாத நாவல்கள். அதே அளவு உண்மை இன்னொன்றும் உண்டு. நான் படித்தவரை அந்த நாவல்களில் பிணம் விழும் இடம் பங்களா, ஹோட்டல் அறை, ஆராய்ச்சிக்கூடம், எஸ்டேட். படிப்பவர் வேலை செய்யும் இடம் அங்கே வருவதில்லை. தொழிற்சாலை வந்தால் முதலாளியின் அறை வரும், லைன் வராது. இன்று கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர் கைப்பேசியில் பிரதிலிபித் தொடர் ஒன்றைப் படிக்கலாம், அல்லது ஒலிக்கதை கேட்கலாம். தாள் போய்த் திரை வந்தது. பங்களா மாறவில்லை.

2021 டிசம்பரில் இந்தத் தொழிற்சாலைப் பகுதியில் நடந்ததை ஒரு மர்மக் கதை வாசகன் எப்படிப் படிப்பான் என்று சொல்லிப் பார்க்கிறேன். பூந்தமல்லி அருகே ஒரு ஹாஸ்டலில் தங்கி ஃபாக்ஸ்கானில் வேலைபார்த்த பெண்களுக்கு உணவு ஒத்துக்கொள்ளாமல் போயிற்று. 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். உடன் தங்கியிருந்தவர்களுக்கு, அவர்கள் எங்கே இருக்கிறார்கள், எப்படி இருக்கிறார்கள் என்று உறுதியாகத் தெரியவில்லை. சிலர் இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி பரவியது. பெண்கள் இரவோடு இரவாகச் சென்னை பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். இறந்ததாகச் சொல்லப்பட்டவர்கள் உயிரோடுதான் இருந்தார்கள் என்பது பின்னால் தெரிந்தது. தொழிற்சாலை மூடப்பட்டு 2022 ஜனவரி 12 அன்று திறந்தது. தங்குமிடமும் உணவுக்கூடமும் தன் தரத்துக்கு ஏற்றபடி இல்லை என்று, அங்கே ஐபோன்களைத் தயாரிக்கவைத்த ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது.

வதந்தியைப் பரப்பியவர் யார் என்று காவல்துறை தேடியது, கைதுகளும் நடந்தன. அது வேட்டைக் கதையின் கேள்வி. வதந்தி ஏன் நம்பப்பட்டது என்பதே எனக்குப் பெரிய கேள்வியாகப் படுகிறது. பல மாவட்டங்களிலிருந்து வந்து, ஒரு அறையில் பலராகத் தங்கி, வெவ்வேறு ஷிஃப்ட்டில் போய்வரும் பெண்களுக்குப் பக்கத்துப் பாயில் படுத்திருந்தவளைப் பற்றி விசாரிக்க ஓர் இடம் இல்லை. அவளை வேலைக்கு எடுத்தவர் ஒப்பந்ததாரர். ஹாஸ்டலை நடத்துபவர் வேறொருவர். வேலை வாங்குவது மூன்றாவது ஆள். போன் செய்து, "எங்க அக்கா எங்கே இருக்காங்க?" என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டலாம். யாரும் பொய் சொல்லாமலேயே ஒரு மனிதர் காணாமல் போகக்கூடிய ஏற்பாடு அது. மர்ம நாவலின் திகில் இதைவிட வேறு எங்கே இருக்கிறது?

நட்சுவோ கிரினோ என்ற ஜப்பானிய எழுத்தாளர் 1997இல் 'அவுட்' என்றொரு நாவல் எழுதினார். டோக்கியோ புறநகரில் சாப்பாட்டுப் பெட்டி தயாரிக்கும் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் நான்கு பெண்கள். ஒருத்தி தன் கணவனைக் கொல்கிறாள், மற்றவர்கள் உடலை மறைக்க உதவுகிறார்கள். கொன்றது யார் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். ஆனாலும் புத்தகத்தைக் கீழே வைக்க முடியாது. கன்வேயர் பெல்ட்டின் முன்னால் நின்று பழகிய வேலைப் பிரிவினையையே அவர்கள் அந்தக் குற்றத்துக்கும் கொண்டுவருகிறார்கள். வெட்டுபவர், கட்டுபவர், எடுத்துச் செல்பவர். அவர்களில் உறுதியானவளான மசாக்கோ முன்பு கடன் நிறுவனம் ஒன்றில் இருபது ஆண்டு உழைத்து, ஆண்களுக்குச் சமமான ஊதியம் கேட்டதால் ஓரங்கட்டப்பட்டவள். அந்த ஒரு தகவலை வைத்தே கிரினோ அவள் கை நடுங்காததை நம்ப வைக்கிறார். ஜப்பானிய மர்ம எழுத்தாளர் சங்கத்தின் விருது அதற்குக் கிடைத்தது. கொடூரம் மிகுந்த நாவல், எல்லோருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் ஒரகடத்தைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது அதுதான். விடியற்காலையில் ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும் பெண்ணின் உடல்வலியைத் த்ரில்லரின் மையத்தில் வைக்க முடியும் என்று அது நிரூபித்துவிட்டது.

2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகாலில் அரசு நிறுவனமான சிப்காட் பெண் தொழிலாளர்களுக்காகக் கட்டிய தங்குமிட வளாகத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார். 18,720 பேர் தங்கலாம். செலவு 706 கோடி ரூபாய்க்கு மேல். 2021இல் கேட்ட கோபத்துக்குக் கிடைத்த உருப்படியான பதில் என்று இதை வரவேற்கிறேன். அடுத்த மாதமே சாம்சங் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் கேட்டு வெளியேறி, செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை வேலைநிறுத்தம் செய்தார்கள். இந்தச் செய்திகளை எல்லாம் நாளிதழ்கள் எழுதின, தொழிற்சங்கங்கள் எழுதின, ஆய்வாளர்கள் எழுதுவார்கள். அவர்களால் எழுத முடியாதது ஒன்று உண்டு. ஒரு பெயர் அறைப் பட்டியலில் இருக்கிறது, பஸ் பட்டியலில் இருக்கிறது, லைனில் மட்டும் இல்லை என்ற நிலையில், அவளுடைய அறைத்தோழிகள் மூன்று பேர் விடுப்பும் எடுக்க முடியாமல், கைப்பேசியையும் உள்ளே கொண்டுபோக முடியாமல், உணவு இடைவேளையில் மட்டும் கூடித் தேடுகிற கதை அது. அதில் துப்பறியும் நிறுவனம் இருக்காது. சிவப்பு கார் இருக்காது. வார்டன் என்ன சொன்னார், ஒப்பந்ததாரரின் ஆள் என்ன சொன்னார், இரண்டும் எந்த இடத்தில் ஒத்துப்போகவில்லை என்பதை அவர்கள் நினைவிலேயே சேர்த்துவைக்க வேண்டும். பேரறிவாளன் வழக்கில் விடுபட்ட அந்த ஒரு வாக்கியத்தைப் போல, இங்கேயும் யாரோ ஒருவர் எழுதாமல் விட்ட ஒரு வரியை அவர்கள் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். அந்த நாவல் வந்தால், இந்த ஊரின் ஒரே இரவைத் துப்பறிந்த எல்லா நூல்களுக்கும் முன்னால் அதை வைத்துப் படிப்பேன்.